மார்சலின் பிறந்த ஊர்

அந்தோனிதாசன் டென்மார்க்குக்கு வந்து சேர்ந்த முதற்கிழமையிலேயே ஒரு பொய் சொன்னான். அகதி விசாரணையில் தாயின் பெயரையும் பிறந்த ஊரையும் கேட்டார்கள். மரியாள், பேசாலை என்றான். உண்மையில் அவளுடைய பெயர் மார்சலின். பிறந்தது புத்தளத்துப் பக்கம். செத்து ஆறு வருடமாகிவிட்ட ஒருத்தியின் ஊரை மாற்றிச் சொல்வதால் யாருக்கு என்ன நட்டம் என்று அப்போது நினைத்தான். அது எண்பத்தாறாம் ஆண்டு கார்த்திகை மாதம்.

ஊரை மாற்றச் சொன்னவன் அவனைக் கொழும்பிலிருந்து அனுப்பிவைத்த ஏஜென்சிக்காரன். புத்தளம் என்று வாய் திறந்தால், அங்கே சண்டையில்லையே, அங்கே போய் இரு என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று அவன் பயமுறுத்தியிருந்தான். ஆனால் தாயின் பெயரை மாற்றச் சொல்லி ஏஜென்சிக்காரன் சொல்லவில்லை. அது அந்தோனிதாசன் தானாகச் செய்தது. நாக்கு அந்த இடத்தில் தானாகவே திரும்பிக்கொண்டது.

மார்சலின் காப்பிலிக் குடும்பத்தில் பிறந்தவள். போர்த்துக்கேயரும் அவர்களுக்குப் பின் வந்தவர்களும் ஆபிரிக்காவிலிருந்து கப்பலேற்றிக் கொண்டுவந்த ஆட்களின் வழியில் வந்த சில குடும்பங்கள் புத்தளத்தைச் சுற்றி இருந்தன. உப்பளத்துக்கு வேலைக்குப் போன இன்னாசித்தம்பி அங்கே அவளைக் கண்டு, மாதா கோயிலில் தாலி கட்டி, மன்னார்த் தீவிலுள்ள தன் ஊரான பேசாலைக்குக் கூட்டிவந்தான். ஊர் அவளை ஒதுக்கவும் இல்லை, அணைக்கவும் இல்லை. மகனுக்கு அவளுடைய சுருட்டை முடியும் தடித்த உதடும் வந்தன. பள்ளிக்கூடத்தில் பொடியள் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே குறைவு. பன்னிரண்டு வயதிலிருந்து அவன் தலைமயிரை ஒட்ட வெட்டிக்கொள்ளத் தொடங்கினான்.

அவனுக்குத் தாளம் கொடுத்தவளும் அவள்தான். சமையல் முடிந்ததும் வெறும் போத்தலைக் கரண்டியால் தட்டிக்கொண்டு பாடுவாள். பாட்டின் சொற்களுக்கு அவளுக்கே அர்த்தம் தெரியாது. புருஷன் வரும் நேரமானால் போத்தலைக் கொண்டுபோய் விறகுக்குப் பின்னால் வைத்துவிடுவாள். பதினைந்து வயதில் அந்தோனிதாசன் கோயில் பாண்டில் ட்ரம் அடிக்கச் சேர்ந்தான். உனக்கு யார் பழக்கியது என்று பாண்ட் மாஸ்டர் கேட்டபோது, ஒருவரும் இல்லை என்றான். அதுவும் ஒரு பொய் என்பது அவனுக்கு இருபது வருடம் கழித்துத்தான் உறைத்தது.

எண்பத்தேழு சித்திரையில் அவனுக்கு வதிவிட அனுமதி கிடைத்தது. ஓகூஸ் நகரத்தில் ஆசுப்பத்திரித் துணிகளை வெளுக்கும் சலவைக்கூடம் ஒன்றில் வேலையும் கிடைத்தது. யாழ்ப்பாணத்துக் குருநகர்க்காரனான யேசுரட்ணத்தோடு இரண்டறை வீடொன்றில் குடியிருந்தான். யேசுரட்ணம் நல்ல மனிதன். கூட இருந்த முதற் பனிக்காலத்தில் தன்னுடைய கோட்டை இவனுக்குக் கொடுத்துவிட்டு இரண்டு சுவெற்றரோடு திரிந்தவன். ஆனால் பஸ்ஸில் கறுப்பர் யாராவது ஏறினால், காப்பிலி வாறான், பையைப் பிடி என்று தமிழில் சொல்லிச் சிரிப்பான். அந்தோனிதாசனும் கூடச் சிரிப்பான். சிரித்து முடிந்ததும் தொப்பியைக் காது வரைக்கும் இழுத்துவிட்டுக்கொள்வான். தன்னுடைய நிறத்துக்குக் கடல்வெயில்தான் காரணம் என்று யேசுரட்ணம் கேட்காமலே ஒருநாள் சொல்லிவைத்திருந்தான்.

அந்த வருடம் ஐப்பசியில் மனைவி யசிந்தாவையும் நாலு வயது மகள் றொஷானியையும் டென்மார்க்குக்கு எடுப்பிக்க மனுப்போட்டான். யசிந்தா பேசாலையிலிருந்து கொழும்புக்குப் போய்த் தன் பங்குக்குப் படிவம் நிரப்பிக் கொடுத்தாள். மூன்று நாலு மாதத்தில் பதில் வந்துவிடும் என்று முதலே குடும்பத்தைக் கூப்பிட்டவர்கள் சொன்னார்கள். தை போனது, மாசி போனது. பதில் இல்லை. வீட்டுக் கதவில் கடிதம் போடும் பிளவுக்குப் பித்தளை மூடி ஒன்று இருந்தது. அது சத்தமிட்டால் அவனுக்குக் கை குளிர்ந்துவிடும். சத்தமிடாத நாட்களில் இன்னும் மோசம்.

சலவைக்கூடத்தில் துணி பிரிக்கும் மேசையில் அவனுக்கு எதிரே நின்றவள் தெம்பெகா. தென்னாபிரிக்காவில் டேர்பன் நகரத்துக் கறுப்பினத்தவள், வயது முப்பத்தொன்று, அவனுக்கு ஐந்து வயது இளையவள். அங்கே வெள்ளையர் அரசாங்கத்துக்குப் பயந்து ஓடி, பல நாடு சுற்றி, கடைசியில் டென்மார்க்கில் தங்கியவள். முதல்நாளே தன் மொழியில் அவனுக்கு ஏதோ வணக்கம் போலச் சொன்னாள். அவன் தமிழ், சிறீலங்கா, தமிழ் என்று திருப்பித் திருப்பிச் சொன்னான். அவள் தோளைக் குலுக்கிவிட்டுத் துணியைப் பிரித்தாள்.

அவள் மாலை வேளைகளில் பியானோ வாசிப்பவள் என்பது அவனுக்குப் பிறகுதான் தெரிந்தது. சாப்பாட்டு அறை அறிவிப்புப் பலகையில் ஒருநாள் கையால் எழுதிய துண்டு ஒன்று தொங்கியது. அகராதியை வைத்துக்கொண்டு அவன் அதை வாசித்து முடித்தான்: ஜாஸ் குழுவுக்கு ட்ரம் அடிப்பவர் தேவை. எழுதியவள் பின்னால் நின்று, உனக்கு அடிக்கத் தெரியுமா என்று ஆங்கிலத்தில் கேட்டாள். கோயிலில் அடித்திருக்கிறேன் என்றான். கோயிலில் தொடங்காதவன் யார் இருக்கிறான் என்றாள்.

குழுவில் அவளோடு இரண்டு டேனிஷ்காரர் இருந்தார்கள். ஒருவர் பள்ளி ஆசிரியர், பெரிய பேஸ் வயலின் வாசிப்பவர். மற்றவர் பஸ் ஓட்டுநர், சாக்ஸபோன் ஊதுபவர். வியாழக்கிழமை மாலைகளில் நகரசபை மண்டபம் ஒன்றின் கீழ்த்தளத்தில் கூடுவார்கள். அந்தோனிதாசன் முழுச் செற் ட்ரம்முக்கு முன்னால் அதற்கு முன் இருந்ததே இல்லை. நான்கு கைகால்களுக்கும் நான்கு வேலை. வலது கை சிம்பலில் ஓட, இடது கை எப்போது விழலாம் என்பதைத் தெம்பெகாவின் இடது கையைப் பார்த்துப் பார்த்துப் பழகினான். அவள் கத்தமாட்டாள், புகழவும் மாட்டாள். பிழை விட்டால் வாசிப்பை நிறுத்திவிட்டுக் காத்திருப்பாள். அவன் அடிக்கடி பிழை விட்டது ஒரே விடயத்தில்தான். வேகம் அவனை அறியாமல் கூடிவிடும்.

"நீ ஓடுகிறாய், அந்தோனி. உன்னை யார் துரத்துகிறார்கள்?" என்று ஒருநாள் கேட்டாள்.

ஒருவரும் இல்லை என்றான். பாண்ட் மாஸ்டருக்குச் சொன்ன அதே பதில்.

மெதுவான பாட்டுக்குத்தான் அதிகத் துணிவு வேண்டும் என்று அவள் நம்பினாள். வேகத்தில் எதையும் ஒளிக்கலாம். மெதுவான பாட்டில் அடிக்கும் அடிக்கும் இடையில் நிறைய வெளி கிடக்கும், அதில் நீ தனியாக நிற்க வேண்டும் என்பாள். அந்த வெளியில் நிற்பதுதான் அவனால் முடியாத காரியமாக இருந்தது. அங்கே போனால் பேசாலையின் ஹெலிகொப்டர் சத்தம் கேட்கும். யசிந்தாவின் கடிதத்திலிருந்த வரிகள் வரும். பிள்ளை இரவில் எழும்பிக் கட்டிலுக்குக் கீழே போய்ப் படுக்கிறாள் என்று அவள் எழுதியிருந்தாள்.

வைகாசியில் ஒரு வியாழக்கிழமை, மற்ற இருவரும் வரப் பிந்தியது. அந்தோனிதாசன் சும்மா இருக்கமுடியாமல் ட்ரம் விளிம்பில் குச்சியால் தட்டிக்கொண்டிருந்தான். ஒரு கை மூன்றாகவும் மறு கை இரண்டாகவும் ஓடும் ஒரு தாளம். தெம்பெகா பியானோவிலிருந்து எழுந்து வந்தாள். இது எங்கே படித்தது என்று கேட்டாள். கோயில் பாண்டில் என்றான். எந்தக் கோயில் பாண்டும் இப்படி அடிக்காது என்றாள். இது எனக்குத் தெரியும், என் பெரியம்மாவின் வீட்டில் கலியாணத்துக்கு இப்படித்தான் கைதட்டுவார்கள் என்றாள்.

அவளிடம் சொன்னால் தமிழரிடம் போகாது என்ற எண்ணத்தில்தான் சொன்னான். அம்மாவின் போத்தலையும் கரண்டியையும் சொன்னான். கப்பலைச் சொன்னான். அந்த ஆட்களுக்கு உங்கள் நாட்டில் என்ன பெயர் என்று அவள் ஆவலோடு கேட்டாள். தமிழில் காப்பிலி, ஆங்கிலத்தில் காஃபிர் என்றான்.

 தெம்பெகா பியானோவின் மூடியைச் சாத்தினாள், கோட்டை எடுத்தாள், போய்விட்டாள். என்ன பிழை செய்தோம் என்று அவனுக்கு விளங்கவில்லை. அன்றிரவு முழுக்க அவள் தன்னைப் பற்றி வேலைத்தலத்தில் முறைப்பாடு செய்யப்போகிறாள், அதோடு அனுமதியும் போகப்போகிறது என்று நினைத்து நினைத்து வியர்த்தான்.

அடுத்தநாள் சலவைக்கூட மேசையடியில் நின்றபடியே அவள் பேசினாள். தன் நாட்டில் பொலிஸ்காரன் தடியை ஓங்கும்போது சொல்கிற சொல் அது என்றாள். தன் தகப்பன் கடைசியாகக் கேட்ட சொல்லும் அதுவாகத்தான் இருக்கும் என்றாள். அது எந்த இனத்தினுடைய பெயரும் இல்லை. கடலோடி வந்த அரபிகள் வேதமில்லாதவர் என்று சொன்னதைப் போர்த்துக்கேயர் எடுத்தார்கள், அவர்களிடமிருந்து மற்ற வெள்ளையர் எடுத்தார்கள்.

"உன் அம்மாவின் ஆட்களுக்கு ஒரு பெயர் இருந்திருக்கும். அதைப் பறித்துவிட்டுத்தான் இதைக் கொடுத்திருக்கிறார்கள்."

என்ன பெயர் என்று அவன் கேட்டான். அவளுக்கும் தெரியாது. எந்தத் துறைமுகம், எந்த மொழி என்று யாருக்குத் தெரியும் என்றாள். வேலை முடிந்து பஸ்ஸில் போகும்போது அவனுக்கு ஒரு புதிய பயம் பிடித்தது. தான் மறைத்துவைத்திருந்த பெயரே பெயரில்லை என்றால், மறைத்தது எதை? அம்மாவிடம் கேட்கலாமென்றால் அம்மா இல்லை. இருந்திருந்தாலும் அவளுக்கும் தெரிந்திராது.

ஆவணி முதற்கிழமையில் பித்தளை மூடி சத்தமிட்டது. பொலிசின் வெளிநாட்டார் பிரிவிலிருந்து கடிதம். மூன்று கிழமை கழித்து நேரில் வரவேண்டும். தாயின் பெயர், பிறந்த இடம் பற்றி விண்ணப்பதாரியும் மனைவியும் கொடுத்த தகவல்கள் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை. அகராதியில் கடைசிச் சொல்லைக் கண்டுபிடித்ததும் அவன் குசினிக் கதிரையில் அப்படியே இருந்துவிட்டான். யசிந்தா உண்மையை எழுதியிருக்கிறாள். அவன் அவளை எச்சரிக்க மறந்திருந்தான். மறந்ததா, அவளிடம் சொல்ல வெட்கப்பட்டதா என்பது அவனுக்கே தெளிவில்லை.

அந்த மூன்று கிழமையும் அவன் சரியாகச் சாப்பிடவில்லை. வயதை மாற்றிச் சொன்ன ஒருவனைத் திருப்பி அனுப்பிவிட்டார்களாம் என்று பிரெடெரிசியா நகரிலிருந்து ஒரு கதை வந்திருந்தது. அந்த ஆளை நேரில் கண்டவர் யாருமில்லை, ஆனால் கதையை எல்லோரும் நம்பினார்கள். தன்னுடைய அனுமதியைப் பிடுங்குவார்கள் என்று பயந்தான். யசிந்தாவின் மனுவைக் கிழிப்பார்கள் என்று பயந்தான். நீ தமிழனே இல்லை, யாரோ ஆபிரிக்கன், காசு கொடுத்துத் தமிழன் பெயரை வாங்கியிருக்கிறாய் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்றும் பயந்தான். கண்ணாடியில் முகத்தைப் பார்த்தால் அவனுக்கே அந்தச் சந்தேகம் நியாயமாகப் பட்டது. தப்ப ஒரு வழி இருந்தது. மனைவி படிவத்தில் பிழையாக எழுதிவிட்டாள், அவள் அதிகம் படிக்காதவள் என்று சொல்லிவிடலாம். அதற்கான வசனத்தை டேனிஷில் எழுதிப் பாடமும் ஆக்கினான்.

வியாழக்கிழமை அவன் அடித்த அடியில் சாக்ஸபோன்காரருக்கு மூச்சு வாங்கியது. மற்றவர்கள் போனபின் தெம்பெகா அவனை இருத்திவைத்து விசாரித்தாள். அவன் கடிதத்தைக் காட்டினான். பாடமாக்கிய வசனத்தையும் சொல்லிக்காட்டினான். அவள் புத்தி ஒன்றும் சொல்லவில்லை. தன் ஊரில் தனக்குப் பியானோ பழக்கிய எஸ்ரா என்ற சாக்ஸபோன்காரரைப் பற்றிச் சொன்னாள்.

எஸ்ரா கொஞ்சம் வெளிறிய நிறம். அந்த நாட்டில் ஆளுக்கு ஆள் இனத்தை எழுதி அட்டை கொடுப்பார்கள்; அட்டையில் உள்ளபடிதான் வாழலாம். நகரத்து ஹோட்டலில் வாசிக்க ஆசைப்பட்டு, தான் கலப்பினத்தவன் என்று எஸ்ரா மனுக்கொடுத்தார். தலைமயிருக்குள் ஒரு பென்சிலைச் செருகிக் குனியச் சொன்னார்கள். பென்சில் சுருட்டையில் சிக்காமல் விழுந்தது, அட்டை கிடைத்தது. ஒருநாள் அவருடைய தாய் ஹோட்டலின் பின்கதவுக்கு வந்து நின்றாள். நல்ல கறுப்பு. உன் அம்மாவா என்று முதலாளி கேட்டான். யாரோ சமையற்காரி என்று சொல்லிவிட்டு எஸ்ரா உள்ளே போனார்.

"அதற்குப் பிறகு அவர் வாசிப்புக் கெட்டுப்போனது என்று சொன்னால் கதைக்கு நன்றாக இருக்கும்" என்றாள் தெம்பெகா. "கெடவில்லை. முன்னைவிட நன்றாகத்தான் வாசித்தார். ஆனால் ஒவ்வொரு பாட்டு முடியும்போதும் பின்கதவைப் பார்ப்பார். சாகும்வரைக்கும் பார்த்தார்."

அதைக் கேட்டு அந்தோனிதாசன் திருந்திவிட்டான் என்றில்லை. குறித்த நாளன்று காலையில் பஸ் ஏறும்போதும் பாடமாக்கிய வசனம்தான் வாயில் இருந்தது.

பொலிஸ் அலுவலகத்தில் நடைபாதைக் கதிரையில் ஒரு தமிழர் இருந்தார். ஐம்பது வயது மதிக்கலாம், கழுத்துப் பட்டி கட்டியிருந்தார். ஹொல்ஸ்டெப்ரோ நகரிலிருந்து வந்திருக்கும் டோல்க், அதாவது மொழிபெயர்ப்பாளர், பெயர் இரத்தினசிங்கம், ஊர் யாழ்ப்பாணம் என்று தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டார். அந்தோனிதாசன் டேனிஷ்காரன் ஒருவனிடம் சொல்லிவிட்டு வரலாம் என்று நினைத்திருந்தான். இப்போது எதைச் சொன்னாலும் ஒரு யாழ்ப்பாணத்தாரின் காது வழியாகப் போகவேண்டும்.

விசாரித்த அதிகாரி இளைஞன், மரியாதையானவன். கோப்பி ஊற்றித் தந்தான். தட்டச்சில் தாளைச் செருகிவிட்டு, தாய் பிறந்த இடம் பேசாலையா புத்தளமா என்று நேராகக் கேட்டான். இரத்தினசிங்கம் அதைத் தமிழில் சொன்னார்.

அந்தோனிதாசன் வாயைத் திறந்தான். மனைவி படிக்காதவள் என்று தொடங்க வேண்டும். யசிந்தா பத்தாம் வகுப்பு வரை படித்தவள். பங்குத்தந்தைக்குக் கடிதம் எழுதிக்கொடுப்பவள். அவளைப் பொய்க்காரியாக்கித்தான் அவளைக் கூப்பிட வேண்டுமா என்று அந்தக் கணத்தில்தான் பட்டது. கோப்பியை வைத்தான். 

"புத்தளம்" என்றான். "பேர் மார்சலின். அவ காப்பிலி."

இரத்தினசிங்கம் மொழிபெயர்க்கவில்லை. அவனுடைய முகத்தையும் தலையையும் இப்போதுதான் பார்ப்பதுபோல் பார்த்தார். அதிகாரி காத்திருந்தான்.

"தம்பி, இதை நான் என்னெண்டு சொல்லுறது?" என்று தாழ்ந்த குரலில் கேட்டார். "இவையின்ரை பாஷையிலையும் அந்தச் சொல் இருக்கு. நல்ல சொல்லில்லை."

"அந்தச் சொல்லை விடுங்கோ அண்ணை. ஆபிரிக்காவிலயிருந்து பிடிச்சுக்கொண்டு வந்த ஆக்களின்ரை மகள் எண்டு சொல்லுங்கோ. தமிழ்தான் கதைச்சவ. நானும் தமிழன்தான்."

அவர் சொன்னார். தட்டச்சு ஓடியது. ஏன் முதலில் பொய் சொன்னாய் என்று அதிகாரி கேட்டான். நீண்ட விளக்கம் ஒன்றை எதிர்பார்த்து விரல்களைத் தூக்கி வைத்திருந்தான். பயத்தில் என்றான் அந்தோனிதாசன். இரத்தினசிங்கம் ஒரே சொல்லில் மொழிபெயர்த்தார். அதிகாரியும் ஒரே சொல்லை அடித்தான். வேறு ஏதாவது பொய் இருக்கிறதா என்று கேட்டு, இல்லை என்றதும் தாளை உருவிக் கையெழுத்து வாங்கினான். இனி என்ன நடக்கும் என்று கேட்டதற்கு, தாள் கொப்பன்ஹேகனுக்குப் போகும், அதற்கு மேல் தனக்குத் தெரியாது என்றான்.

படியில் இறங்கும்போது அந்தோனிதாசன் ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டுப் போகலாம் என்று கூப்பிட்டான். இரத்தினசிங்கம் மணிக்கூட்டைப் பார்த்தார். "பஸ்ஸுக்கு நேரமாச்சு. பயப்பிடாதையும், நான் டோல்க். கேட்டது அந்தக் கதவோடை சரி" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் ஓம் என்று கூட வந்திருந்தால் பயம் கொஞ்சம் குறைந்திருக்கும்.

இரண்டு நாள் பொறுத்தான். யார் யாருக்குச் சொல்லியிருப்பார், ஹொல்ஸ்டெப்ரோவிலிருந்து ஓகூசுக்குக் கதை வர எத்தனை நாள் எடுக்கும் என்று கணக்குப் பார்ப்பதைவிடத் தானே சொல்லிவிடுவது மேல் என்று பட்டது. மூன்றாம் நாள் யேசுரட்ணம் சோற்றுக் கோப்பையோடு இருந்த நேரம் எல்லாவற்றையும் சொன்னான். யேசுரட்ணம் கேட்டுக்கொண்டே சாப்பிட்டான். கடைசியில், "அதுக்கு இப்ப நான் என்ன செய்ய? சோறு ஆறுது, போட்டுச் சாப்பிடும்" என்றான். அதற்குப் பிறகு அவன் வாயில் அந்தச் சொல் வரவில்லை. ஆனால் இரண்டு மாதத்தில் பிரெடெரிசியாவில் வேலை கிடைத்திருக்கிறது என்று சொல்லி வீடு மாறிவிட்டான். வேலை உண்மைதான். வேலைக்காக மட்டும்தான் போனானா என்பது அந்தோனிதாசனுக்குக் கடைசிவரை தெரியவில்லை. கோட்டை அவன் திருப்பிக் கேட்கவில்லை.

மார்கழிக் கடைசியில் யசிந்தாவின் கடிதம் வந்தது. சந்தைக்குப் போகும் வழியில் கண்ணிவெடி வெடித்ததாம். அவளுக்கு ஒன்றுமில்லை. றொஷானியின் வலது காதிலிருந்து இரத்தம் வந்ததாம். இப்போது நின்றுவிட்டது, ஆனால் அந்தப் பக்கம் நின்று கூப்பிட்டால் பிள்ளை திரும்புவதில்லை என்று எழுதியிருந்தாள்.

அவன் கடிதத்தை மேசையில் வைத்துவிட்டு முழந்தாளிட்டான். செபம் வரவில்லை. தாயை மறுதலித்தவனுக்குப் பிள்ளையில் கணக்குத் தீர்க்கப்பட்டிருக்கிறது என்ற ஒரே நினைப்புத்தான். உண்மையைச் சொன்னதாலா பொய் சொன்னதாலா மனு நிற்கிறது என்று தெரியாமல், எதற்கு மன்னிப்புக் கேட்பதென்றும் தெரியவில்லை. வியாழக்கிழமைகளில் போவதை நிறுத்தினான். குச்சியை எடுத்தால் அந்தக் காது ஞாபகம் வந்தது. தெம்பெகா மேசைக்கு எதிரே நின்று அவன் பங்குத் துணியிலும் பாதியைப் பிரித்துப் போட்டாள். அந்தக் குளிர்காலம் அப்படிப் போனது.

எண்பத்தொன்பது பங்குனியில் ஒருநாள் தெம்பெகா சாப்பாட்டு அறையில் ஒரு பத்திரிகையை அவன் முன்னால் விரித்தாள். மெல்ல மெல்ல வாசித்துக் காட்டினாள். தமிழ் அகதிகளின் மனைவி பிள்ளைகளுடைய மனுக்கள் எண்பத்தேழு புரட்டாதியிலிருந்து மேலிடத்துச் சொற்படி ஒதுக்கி வைக்கப்பட்டிருந்தன. சட்டப்படி அவர்கள் வரலாம். ஆனாலும் இழுத்தடிக்கச் சிலரைப் பொலிஸ் விசாரணைக்கு அனுப்பிவிட்டு, முடிவெடுக்காமல் கோப்புகளைக் கிடப்பில் போட்டிருந்தார்கள். ஒருவருடையது இருவருடையது இல்லை, எல்லோருடையதும்.

அவன் இரண்டாம் முறையும் வாசிக்கச் சொன்னான். அவனுடைய மனு எண்பத்தேழு ஐப்பசி. அப்படியென்றால் மார்சலினும் மரியாளும் புத்தளமும் பேசாலையும் ஒரு பொருட்டாகவே இருந்திருக்கவில்லை. அவன் நடுங்கி நடுங்கிச் சொன்ன உண்மையும் அந்தக் குவியலில்தான் எங்கோ கிடந்தது. நிம்மதி வரும் என்று தெம்பெகா எதிர்பார்த்தாள் போல. அவனுக்கு வந்தது அதைவிடப் பெரிய பயம். தன் பொய்தான் காரணம் என்று நம்பியிருந்தவரைக்கும், தான் ஒழுங்காக இருந்தால் எல்லாம் சரிவரும் என்ற எண்ணமாவது இருந்தது. முகம் தெரியாத ஒருவர் மேசையில் கையசைத்து இதைச் செய்ய முடியுமென்றால், எப்படி இருந்துதான் என்ன? மனு வழக்கம்போலப் போயிருந்தால் அவர்கள் எண்பத்தெட்டுச் சித்திரைக்கு முன் வந்திருப்பார்கள். கண்ணிவெடி வெடித்தது மார்கழியில்.

விடயம் வெளியில் வந்தபின் கோப்புகள் அசைந்தன; யசிந்தாவும் றொஷானியும் அந்த வருடம் புரட்டாதியில் வந்து இறங்கினார்கள். விமான நிலையத்தில் ஆறு வயதுப் பிள்ளை தாயின் சேலைக்குப் பின்னால் ஒளிந்தது. அவன் கூப்பிட்டபோது தலையை முழுதாகத் திருப்பி இடது காதைக் கொடுத்தது. ஓகூசுக்கு ரயிலில் வரும்போது, பிள்ளை நித்திரையான பின், அவன் யசிந்தாவிடம் பொய்யைச் சொன்னான். கொழும்பில் தனக்கும் பேசாலை என்றே எழுதச் சொல்லி ஒருவர் புத்தி சொன்னார் என்று யசிந்தா சொன்னாள்.

"பின்னை ஏன் எழுதேல்லை?"

"மாமி என்னை எவ்வளவு பாத்தவ. அவவை இல்லாத ஆளாக்க எனக்கு மனம் வரேல்லை." கொஞ்சம் பொறுத்து, "நீங்கள் அப்பிடிச் சொல்லியிருப்பியளெண்டு நான் நினைக்கவே இல்லை" என்றாள்.

அவள் கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் அது அவனுக்கு நெடுநாள் வலித்தது.

வந்த மூன்றாம் மாதம் யசிந்தாவே அவனை வியாழக்கிழமைக்கு அனுப்பினாள். மண்டபத்தில் ஒருமுறை கச்சேரி வைத்தபோது ஓகூஸ் தமிழர் பத்துப் பேர் வரை வந்தார்கள். தெம்பெகா மெதுவான பாட்டொன்றைத் தொடங்கி, நடுவில் பியானோவை நிறுத்தி, அவனைத் தனியே விட்டாள். அவன் அந்த மூன்றுக்கு இரண்டு தாளத்தை அடித்தான். பயந்துகொண்டுதான் அடித்தான், முன்வரிசையில் யேசுரட்ணம் இருந்தான், பிரெடெரிசியாவிலிருந்து வந்திருந்தான். இது எந்த ஊர் அடி என்று பிறகு ஒருவர் கேட்டார். என்ரை அம்மாவின்ரை என்று அந்தோனிதாசன் சொன்னான். 

தொண்ணூற்றொன்றில் தெம்பெகாவின் நாட்டுக் கதவு திறந்தது; ஓடிப்போனவர்கள் திரும்பி வரலாம் என்றார்கள். அவள் திரும்பிப் போகத் தீர்மானித்தாள். ரயில் நிலையத்துக்கு அவளுடைய பெட்டியைத் தூக்கிவந்தவன் அவன்தான். மெதுவாக அடி, ஓடாதே என்று மூன்று வருடம் சொன்னவள் அன்று ஓரிடத்தில் நிற்கமாட்டாமல் அங்குமிங்கும் நடந்தாள். தன்னை யாருக்கும் ஞாபகமிராது, ஞாபகம் உள்ளவர்கள் செத்திருப்பார்கள் என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.  போய்ச் சேர்ந்ததும் எழுது, பதில் வராவிட்டால் எனக்கு நித்திரை வராது என்று மட்டும் சொன்னான். அவள் எழுதினாள். சுருக்கமான கடிதங்கள், வருடத்துக்கு இரண்டு.

தொண்ணூற்றுமூன்று தையில், மனுக்களை ஒதுக்கிவைத்த அந்த விவகாரத்தால் டென்மார்க் அரசாங்கமே விழுந்தது. தமிழர் வீடுகளில் அன்று ஓயாமல் தொலைபேசி அடித்தது. அந்தோனிதாசன் வேலைக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டு றொஷானியோடு ஆசுப்பத்திரியில் இருந்தான். அவளுக்கு அன்று காதில் சத்திரசிகிச்சை. சம்மதப் படிவத்தை இரண்டு தரம் வாசித்துவிட்டுக் கையெழுத்து வைத்தான். யசிந்தா பேனாவை வாங்கித் தானும் பக்கத்தில் வைத்தாள். கேட்கும் சக்தி முழுதாகத் திரும்பாது, பாதியளவு வரலாம் என்று வைத்தியர் சொல்லியிருந்தார்.

கட்டு அவிழ்த்த அன்று பின்னேரம் பிள்ளை குசினியில் நின்று, இந்தப் பெட்டி எப்போதும் இப்படி உறுமுமா என்று டேனிஷில் கேட்டாள். குளிர்ப்பெட்டியைத்தான் கேட்டாள். ஓம் என்றான் அந்தோனிதாசன். அவள் நன்றாகக் கேட்கும் இடது காதைக் கையால் பொத்திக்கொண்டு அதனருகே போய் நின்றாள். யசிந்தா அடுப்பைத் தணித்துவிட்டு வந்தாள். மூவரும் கொஞ்ச நேரம் அங்கே நின்று அந்தச் சத்தத்தைக் கேட்டார்கள்.